கடைசிப் பத்து நிமிடம்

அந்தப் பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை என்று கல்லூரித் தாளாளர் சொல்வது பொய். பொய் என்று அவருக்கே தெரியும்.

நான் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். வீடு தாடிக்கொம்பில். எரியோடு பக்கம் இருக்கும் தனியார் பொறியியல் கல்லூரியில், வெளிநாட்டு மாணவர்களுக்கு மாலையில் தனி வகுப்பு எடுக்கக் கூப்பிட்டார்கள். போன அன்றைக்கே எனக்குச் சந்தேகம். அந்த அறையில் கரும்பலகை இல்லை. 'அயல்நாட்டு மாணவர் ஆதரவு மையம்' என்று பேனர் மட்டும் சுவரளவுக்கு இருந்தது.

வந்தவர்களில் ஒருத்தி தான்சானியாப் பெண். கணக்கில் இரண்டு தடவை தோற்று, அதே வகுப்பில் மறுபடியும் உட்கார்ந்திருந்தாள். இன்னொரு தடவை தோற்றால் சேர்க்கையை ரத்து செய்து ஊருக்கு அனுப்பிவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள்.

"அதுக ஊர் சுத்த வந்ததுக டீச்சர்" என்றார் அலுவலக மேலாளர்.

அவரையும் நான் நம்பவில்லை, அவளையும் நம்பவில்லை. கணக்குக் கொடுத்துப் பக்கத்திலேயே நின்றேன். முதல் நாலு பாடத்துக் கணக்கையும் கடகடவென்று போட்டாள். ஐந்தாவதைத் தொடவே இல்லை. "இதை வகுப்பில் நடத்தவே இல்லை மிஸ்" என்றாள் ஆங்கிலத்தில். போன தேர்வில் பாதிக் கேள்வி அந்தப் பாடத்திலிருந்துதான் வந்திருந்தது. நடத்தாமலா கேட்பார்கள்? புளுகுகிறாள் என்று நினைத்தேன்.

நேரில் பார்த்துவிடுவோம் என்று அவள் வகுப்பில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். பேருக்கு ஆங்கில வழி. விரிவுரையாளர் தலைப்பை ஆங்கிலத்தில் வாசித்தார். அப்புறம் முழுக்கத் தமிழ்தான். அவள் போர்டில் உள்ளதைப் பார்த்து எழுதிக்கொண்டே இருந்தாள். மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது அவர் டஸ்டரை வைத்துவிட்டு மேஜையில் சாய்ந்தார்.

"ஏலே, பேசாமக் கேளுங்க. அஞ்சாவது பாடம் நடத்த நேரமில்ல. ஆனா அதுலருந்துதேன் நெறைய வரும். கடைசி நாலு கணக்கப் போட்டுப் பாத்துட்டு வாங்க. மூணாவது பாடத்தத் தூக்கிப் போட்ருங்க. அம்புட்டுத்தேன்."

வகுப்பே குனிந்து குறித்துக்கொண்டது. அவள் பேனாவை மூடிப் பையில் வைத்தாள். பாடம் முடிந்துவிட்டது, வாத்தியார் சும்மா பேசுகிறார் என்று நினைத்திருக்கிறாள்.

வெளியே வந்து அவரைப் பிடித்தேன்.

"இது அந்தப் பிள்ளைக்கு எப்படி சார் தெரியும்?"

"பக்கத்துல கேட்டுக்கிடும் டீச்சர்."

"நீங்க ஏதோ சொன்னீங்கன்னு தெரிஞ்சாத்தான கேக்கும்?"

"இங்கிலீஷ்ல சொன்னா நம்ம புள்ளைகளுக்கு ஏறாது. அவுகளுக்குத்தேன் உங்களப் போட்ருக்கே. நீங்க செத்த சொல்லிருங்களேன்."

"எனக்கு யாரு சொல்லுவா?"

சிரித்துக்கொண்டே போய்விட்டார். அதிலிருந்து அந்த வகுப்பு முடிகிற நேரத்தில் ஜன்னலோரம் நின்று கேட்டு, சாயங்காலம் அவளுக்குச் சொன்னேன்.

பிறகு கல்லூரியின் தரத்தைப் பார்க்க ஆய்வுக் குழு வந்தது. அவளுக்குச் சின்னாளபட்டி சுங்குடிச் சேலை கட்டிவிட்டு முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். படிப்பு எப்படிப் போகிறது என்று குழுவில் ஒருவர் ஆங்கிலத்தில் கேட்டார். சொல்லிக்கொடுத்திருந்தபடி, "நல்லா இருக்கேன் சார், சாப்டீங்களா?" என்றாள் தமிழில். எல்லாரும் கை தட்டினார்கள். தாளாளர் எழுந்து நின்றே தட்டினார்.

அடுத்த வாரம் எங்கள் அறையில் பூட்டுத் தொங்கியது.

"ஆய்வுதான் முடிஞ்சிருச்சே டீச்சர். தேவைன்னா கூப்புடுறோம்" என்றார் மேலாளர். கல்லூரி வாசல் காவலாளி இப்போது என்னை உள்ளே விடுவதில்லை. யார் சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா?

அவள் டவுன் பஸ் பிடித்து என் வீட்டுக்கு வருகிறாள். ஐந்தாவது பாடத்தை முழுசாக நடத்திக்கொண்டிருக்கிறேன். ஆனால் இந்த முறை எதிலிருந்து கேள்வி வரும் என்று அந்த வகுப்பில் என்ன பேசுகிறார்களோ, எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு அவளோடு போனேன். எதிரே பெரிய பிளெக்ஸ். 'உலகமே தேடி வரும் கல்லூரி.' அதில் சுங்குடிச் சேலையில் அவள் முகம். செத்த நேரம் அண்ணாந்து பார்த்தாள்.

"ஃபெயிலானால் இதையும் எடுத்துவிடுவார்களா மிஸ்?" என்று கேட்டாள்.

தாளாளர் அவர்களே, தேர்வுக்கு முன்னால் ஆண்டு விழா வருகிறது. பெற்றோர் எல்லாரும் இருப்பார்கள். அவளும் இருப்பாள். மைக்கைப் பிடித்து, எல்லார் முன்னாலும் பதில் சொல்லுங்கள். அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தை அவளுக்குப் புரிகிற பாஷையில் யார் சொல்லப் போகிறார்கள்? யாரும் இல்லையென்றால், எந்த முகத்தோடு அவள் முகத்தை அங்கே மாட்டி வைத்திருக்கிறீர்கள்?