பாக்கியத்தின் பேச்சு யார் காதுக்குப் போனது

பாக்கியலெட்சுமி எதையும் சும்மா நம்புகிறவள் அல்ல. அவளுக்கு இருபத்தைந்து வயது இருக்கும்போது கொழும்பிலிருந்து வந்த ஒரு கூட்டம் அவள் கையில் ஓர் ஆட்டைக் கொடுத்துப் படம் பிடித்தது. படம் பிடித்து முடிந்ததும், அதே ஆட்டை வாங்கிக்கொண்டு போய் அடுத்த லயத்து வரிசை வீடுகளில் இன்னொருத்தி கையில் கொடுத்துப் படம் பிடித்தார்கள். சாயந்தரம் அந்த ஆடும் அவர்களோடு லாரியில் ஏறிப் போய்விட்டது. அன்றிலிருந்து யாராவது நல்லது செய்ய வருகிறார்கள் என்றால் அவள் முதலில் அவர்களுடைய லாரியைத்தான் பார்ப்பாள்.

ஸ்பிரிங்வெளிக்கும் மேலே, பஸ் மூச்சு வாங்கி ஏறும் ஒரு தோட்டத்தின் தேயிலைத் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை. அங்கே எல்லோருக்கும் அது ‘ஸ்டோரு’தான். ரோலரில் நசுங்கி வரும் கொழுந்தை மேசைகளில் பரப்பி, பச்சை மாறிச் செம்புநிறம் வரும்வரை புளிக்கவிட்டு, பிறகு டிரையருக்கு அனுப்ப வேண்டும். அந்த அறையில் மூன்று பெண்கள். பாக்கியம், அவளுக்கு அடுத்த காம்பராவில் குடியிருக்கும் கலாராணி, போன வருடம் சேர்ந்த துஷாந்தினி.

ஒருநாள் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண்ணும் இரண்டு பையன்களும் வேனில் வந்து இறங்கினார்கள். பெண்ணின் பெயர் ஷிப்னா, பண்டாரவளைக்காரி, தலையில் நீலநிற முக்காடு. கம்பெனியும் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்கிற ஆராய்ச்சி என்று தொழிற்சாலையைக் கவனிக்கும் டீமேக்கர் ஜெயகுமார் ஐயா அறிமுகம் செய்துவைத்தார். மேசைக்கு மேலே சுவரில் சோற்றுப்பெட்டி அளவில் ஒரு வெள்ளைப் பெட்டியை மாட்டினார்கள். முன்பக்கம் சல்லடை மாதிரி ஓட்டைகள். ஓரத்தில் ஒரு சின்ன பச்சை விளக்கு.

“கொழுந்து புளிக்கும்போது வர்ற ஆவிய இது அளந்துகிட்டே ஈக்கும் அக்கா. எப்ப டிரையருக்கு அனுப்பினா நல்லதுன்னு அதுல இருந்து கண்டுபிடிக்கலாம்” என்றாள் ஷிப்னா.

வேன் வாசலைத் தாண்டியதும் கலாராணி பாக்கியத்தின் காதருகே குனிந்தாள். “ஆவியாவது ஒண்ணாவது. ஓட்டையப் பாத்தியாக்கா? அது காது. நம்ம பேசுறதக் கேக்கத்தான் வச்சிருக்காங்க.”

பாக்கியத்துக்கும் அப்படித்தான் பட்டது.

தொழிற்சாலையில் பெண்களுக்கான கழிவறை பல மாதமாக உடைந்து கிடந்தது. அவசரம் என்றால் தேயிலைச் செடிகளுக்குள்தான் ஓட வேண்டும். பதுளைக்குப் போய் அரசாங்கத் தொழில் திணைக்களத்தில் முறையிடுவோம் என்று பாக்கியம்தான் முதலில் சொன்னாள். அந்த அறைக்குள், மற்ற இரண்டு பேரிடம் மட்டும். மறுநாள் காலையில் ஜெயகுமார் ஐயா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உள்ளே வந்தார்.

“என்ன பாக்கியம், பதுளைக்கெல்லாம் பயணம் போறீங்களாமே?”

அவள் தலை தானாகப் பெட்டியின் பக்கம் திரும்பியது. பச்சை விளக்கு கண்ணைச் சிமிட்டாமல் எரிந்துகொண்டிருந்தது.

அதன்பிறகு மூவரும் சைகையில் பேசிக்கொண்டார்கள். பெட்டிக்குக் கீழே வரும்போது பாக்கியம் மூச்சைக்கூட அடக்கிக்கொள்வாள். ஒருநாள் பொறுக்க முடியாமல் ஈரச்சாக்கை எடுத்து அதன்மேல் போட்டு மூடிவிட்டாள்.

அளவுகள் தாறுமாறாகப் போனதால் அந்த வாரமே வேன் திரும்பி வந்தது. ஷிப்னா கோபப்படவில்லை. ஏணியில் ஏறிப் பெட்டியைக் கழற்றி மேசையில் வைத்துத் திறந்தாள்.

“பாருங்கக்கா. இந்தக் குட்டிக் குட்டி உருளையெல்லாம் ஆவிய அறியறது. இது சூடு பாக்கிறது. இது ஈரம். குரலக் கேக்கிற சாமான் ஒண்ணுமே இதுல இல்ல.”

“எனக்கு என்ன தெரியும் மிஸ்? நீங்க எதக் காட்டி என்ன சொன்னாலும் நான் கேட்டுக்க வேண்டியதுதான்.”

ஷிப்னா சிரித்துவிட்டாள். பாக்கியம் சிரிக்கவில்லை.

“சரி, ஒண்ணு கேக்குறேன். நாங்க கொழுந்த நேரம் கழிச்சு அனுப்பினா இது சொல்லிருமா?”

“சொல்லும்” என்றாள் ஷிப்னா, சற்றுத் தயங்கி.

“யாருக்கு?”

“எங்களுக்கு. பொறகு… கம்பெனிக்கு.”

“அப்ப ஆவிய மட்டும் பாக்கலையே.”

ஷிப்னா பதில் சொல்லாமல் திருகாணிகளை ஒவ்வொன்றாக முடுக்கினாள். அந்த மௌனத்துக்குப் பிறகுதான் பாக்கியத்துக்கு அவள்மேல் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. பொய் சொல்கிறவளாக இருந்தால் இதற்கும் ஒரு பதில் வைத்திருப்பாள்.

ஆனாலும் சோதித்துப் பார்க்காமல் விடுவதில்லை என்று முடிவெடுத்தாள். மற்ற இருவரும் சாப்பிடப் போயிருந்த நேரம் பெட்டிக்கு நேரே நின்று உரக்கச் சொன்னாள்: “வர்ற திங்கக்கெழம தோட்டத் தொர பங்களா வாசல்ல போயி உக்காரப் போறோம்!” நாலைந்து நாள் காத்திருந்தாள். யாரும் வாயைத் திறக்கவில்லை. ஜெயகுமார் ஐயா கொழுந்தைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

பெட்டிக்குக் காது இல்லை. இது தெரிந்ததும் அவளுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. பெட்டி இல்லையென்றால் யார்? அந்த அறையில் அவளைத் தவிர இரண்டு பேர்தான்.

புதிதாக வந்தவள் என்பதால் துஷாந்தினிமேல்தான் முதலில் சந்தேகம் போனது. பண்டாரவளையில் தொழிற்சங்கத்து ஆள் ஒருவரைப் பார்க்கப் போவதாக அவளிடம் மட்டும் சொன்னாள். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, மனசே இல்லாமல், தண்ணீர்ப் பீலியருகே கலாராணியிடம் அதையே சொன்னாள். ஊரை மட்டும் அப்புத்தளை என்று மாற்றினாள். சொல்லும்போதே, இது வீணான சந்தேகமாகப் போய்விட வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். இந்தக் கலாராணிதான் அவளுடைய இரண்டாவது பிரசவத்தில் ராத்திரி முழுக்கக் கூட இருந்தவள்.

மறுநாள் ஜெயகுமார் ஐயா வாசலில் நின்று கேட்டார்.

“அப்புத்தளையில யாரு இருக்கா பாக்கியம்?”

அன்று வேலை முடிந்து மலைப்பாதையில் இறங்கும்போது பாக்கியம் நின்றாள். கலாராணியும் நின்றாள்.

“ஏன்டி?”

கலாராணி மறைக்கவில்லை. “எம் மகளுக்கு ஆபீசுல வேல தர்றேன்னாரு. நீங்க என்ன பேசுறீங்கன்னு மட்டும் சொல்லுன்னாரு. அவ கொழுந்துக் கூடையத் தூக்கக் கூடாதுக்கா. எனக்கு வேற வழி தெரியல.”

“சரி. அதுக்குப் பெட்டிய ஏன் காட்டுன?”

“நீ பெட்டின்னா நம்பிருவன்னு தெரியும். பெட்டி இல்லைன்னா நீ என்னத்தான் பாத்திருப்ப.”

பாக்கியத்துக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. பாதை சரிவாக இருந்ததால் காலை ஊன்றி வைப்பதிலேயே கவனமாக இருந்தாள். லயத்துக்கு வந்ததும் தன் காம்பரா வாசலில் கலாராணி ஒரு கணம் நின்று பார்த்தாள். பாக்கியம் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அடுத்து வேலை இல்லாத நாளில் துஷாந்தினியைக் கூட்டிக்கொண்டு அவள் பதுளைக்குப் போனாள். யாரிடமும் சொல்லவில்லை. முறைப்பாட்டைப் பதிந்துகொண்டார்கள். மழைக்காலம் முடிந்து ஓர் அதிகாரி வந்து பார்த்தார், கழிவறைக்குப் புதுக் கதவும் தண்ணீரும் வந்தன. ஷிப்னாவின் ஆராய்ச்சி முடிந்தது. கம்பெனி அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டதோடு இன்னொன்றையும் வாங்கி மாட்டியது. கொழுந்து பிந்தினால் இப்போது ஆபீசில் இருக்கிற திரையிலேயே தெரிகிறது. ஒருதடவை அந்த அறைப் பெண்கள்மேல் பழி வந்தபோது, பிந்தியதற்கு டிரையர்தான் காரணம் என்றும் அதே திரை காட்டியது. அதற்காக யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

கலாராணியின் மகளுக்கு வேலை கிடைத்தது. அந்தத் திரைக்கு முன்னால் உட்காருவது இப்போது அவள்தான். ஒருநாள் விடுப்புச் சொல்லப் போன பாக்கியத்தைப் பார்த்ததும் அவள் எழுந்து கதிரையை இழுத்துப் போட்டாள்.

“பெரியம்மா, உக்காருங்க. கால் வலிக்கும்.”

சின்ன வயதில் பாக்கியத்தின் மடியில் தூங்கிய பிள்ளை. இந்த வேலை எப்படி வந்தது என்று இவளுக்குத் தெரியுமா, தெரியாதா? பாக்கியம் அந்த முகத்தையே பார்த்தாள். அதில் ஒன்றும் தெரியவில்லை.

“இருக்கட்டும் தாயி, நிக்கிறேன்” என்றாள்.