பதினோரு 'அவர்களே'

மைக்கைப் பிடித்தால் எனக்கு மூளை நின்றுவிடும். வாய் மட்டும் நிற்காது. என் கோளாறே அதுதான்.

ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் பதினாறு வருடமாகத் தையல் லைனில் இருக்கிறேன். அத்தனை மெஷின் சத்தத்திலும் கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி, "ஏய், நூல் அறுந்துகிச்சி பாரு!" என்று கத்துகிறவள் நான். அந்தத் தொண்டையை நம்பித்தான் மகளிர் தினத்தன்று தொழிலாளர்கள் சார்பில் பேச என்னைத் தள்ளிவிட்டார்கள்.

பேச வேண்டியது ஒன்றே ஒன்று. முன்பெல்லாம் கம்பெனி பஸ் மேம்பாலத்துக்கு அடியில் திரும்பி எங்கள் ஊர்ப் பக்கமே இறக்கிவிடும். பஸ் கான்ட்ராக்ட் வேறு ஆளுக்குப் போனதும், பத்து நிமிடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று, நெடுஞ்சாலையின் எதிர்ப்பக்கத்திலேயே உதறிவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். நாற்பது பெண்கள் லாரிகளுக்கு நடுவே ஓடித் தாண்டுகிறோம். என் பக்கத்து மெஷின்காரி அப்படி ஓடும்போது செருப்பு தடுக்கி விழுந்து, கால் ஒடிந்து மூன்று மாதம் வீட்டில் கிடந்தாள். ஹெச்.ஆர். மேடத்திடம் கேட்டால், "மேல சொல்லியிருக்கேன்க்கா" என்பார். அந்த 'மேல' இருக்கிற முதலாளி வருடத்தில் இந்த ஒருநாள்தான் எங்கள் எதிரில் வந்து உட்காருவார். அதில், கேன்டீனில் போட்ட மேடையில், எனக்கு மூன்று நிமிடம்.

போய் நின்றேன். எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லாம் மேடையில் இருந்தவர்களை ஒவ்வொருவராக அழைத்துத்தான் தொடங்கினார்கள். நான் மட்டும் விட்டால் மரியாதையாக இருக்குமா? "மதிப்பிற்குரிய முதலாளி அவர்களே, மரியாதைக்குரிய ஜெனரல் மேனேஜர் அவர்களே..." என்று இழுத்தேன். மேடையில் பதினோரு பேர். ஏழாவது நாற்காலியில் இருப்பது யார் என்று மறந்துபோய், திரும்பிக்கூடப் பார்க்காமல் "அய்யா அவர்களே" என்றேன். உட்கார்ந்திருந்தது டாக்டரம்மா. கேன்டீனே சிரித்தது. வேர்த்துக் கொட்டியது. எப்படியோ பதினோராவது 'அவர்களே'யை முடித்து, "என் அன்பான சகோதரிகளே" என்று இந்தப் பக்கம் திரும்பினால் மணி அடித்துவிட்டது.

"டைம் ஆயிடிச்சிக்கா, முடிச்சிக்குங்க" என்றார் மேடம்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? "நன்றி, வணக்கம்" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன். கை வேறு தட்டினார்கள்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் யாரும் என்னோடு பேசவில்லை. கால் ஒடிந்தவள் மட்டும், "இன்னாக்கா, பஸ்ஸப் பத்தி ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்று கேட்டாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அடுத்த வருடத்துக்குள் பேசக் கற்றுக்கொண்டே தீருவது என்று போனில் பேசிப் பதிவு செய்து கேட்டேன். கேட்கச் சகிக்கவில்லை. "வந்து, எங்க பஸ்ஸு வந்து, நிக்கிற எடம் வந்து..." மூச்சுக்கு மூச்சு ஒரு 'வந்து'. சாப்பிட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரருக்குப் புரையேறிவிட்டது.

"இத்தினி வந்து சொல்றியே, சேதி எப்பதான் வரும்?" என்றார்.

"நீங்க போய் மைக் முன்னாடி நின்னு பாருங்க, அப்பத் தெரியும்!" என்று தட்டைப் பிடுங்காத குறையாகக் கத்தினேன்.

ஆனால் அவர் சொன்னது உண்மைதானே. தினமும் இட்லி வேகிற நேரத்துக்கு அடுப்பு முன்னால் நின்று பேசினேன். 'வந்து' வருகிற இடத்தில் வாயை மூடிக்கொள்ளப் பழகினேன். கோயிலுக்கு மைக் கட்ட வந்தவரை நிறுத்தி, கத்தினால் ஏன் கொய்யென்று அலறுகிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். "கொஞ்சம் தள்ளிப் புடிச்சி, மெதுவாப் பேசும்மா. மைக்கு இருக்கும்போது நீ எதுக்குக் கத்தறே?" என்றார். அந்தப் பதினோரு 'அவர்களே'யை மொத்தமாக வெட்டி ஒரே வணக்கமாக ஆக்கினேன்.

மறு வருடமும் பேச யாரும் முன்வரவில்லை. நானே போய் நின்றேன்.

"மேடையில இருக்கிற எல்லாருக்கும் வணக்கம். எங்க பஸ் எங்களை ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் இறக்கிவிடுது. நாப்பது பேர் தெனமும் லாரிக்கு நடுவுல ஓடறோம். ஒருத்திக்குக் கால் ஒடிஞ்சிடிச்சி. பஸ்ஸு பாலத்துக்கு அடியில திரும்பி வந்தா பத்து நிமிஷம் ஜாஸ்தி ஆவும். அந்தப் பத்து நிமிஷத்தை எங்களுக்குக் குடுங்க."

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.  கேன்டீன் முழுக்கக் கைதட்டல், முதலாளியே எழுந்து நின்று தட்டினார். "என்னா பேச்சு! எங்கயாவது தடுமாறினாங்களா பாருங்க! இந்த மாதிரிப் பொண்ணுங்கதான் நம்ம கம்பெனிக்குப் பெருமை" என்று சொல்லி, தன் கையாலேயே ஒரு ஹாட் பாக்ஸ் கொடுத்தார். பஸ் என்ற சொல் அவர் வாயில் வரவே இல்லை. சாயங்காலம் அதே எதிர்ப்பக்கத்தில் இறங்கி, ஹாட் பாக்ஸைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினேன். 

மூன்று வாரம் கழித்து மேடம் கூப்பிட்டனுப்பினார்.

"அக்கா, அடுத்த வாரம் நம்ம ஷூவ வாங்கற வெளிநாட்டு பையர் ஆளுங்க கம்பெனியப் பாக்க வர்றாங்க. அவங்க முன்னாடி நீங்கதான் பேசணும்னு முதலாளியே சொல்லிட்டாரு. நம்ம வசதியெல்லாம் சொல்லுங்க. கேன்டீன், டாக்டர், பஸ்ஸு..."

"பஸ் எங்க நிக்கிதுன்னும் சொல்லவா மேடம்?"

"அதெல்லாம் எதுக்குக்கா? நான் எழுதித் தர்றேன், அத மட்டும் பேசுங்க."

"பேசறேன் மேடம். பேசினா ரோட்டத் தாண்டுறதையும் சேத்துத்தான் பேசுவேன்."

 மேடம் கோபப்படவில்லை. நோட்டில் என் பெயரை அடித்துவிட்டுப் பேனாவை மூடினார்.

"சரிக்கா, வேற ஆளப் பாத்துக்கறேன். உங்களுக்குப் பேசறதுக்குக் கூச்சமா இருக்குதுன்னு முதலாளிகிட்ட சொல்லிடறேன்" என்றார்.