வாபஸ் வாங்காத எஸ்லின்

எஸ்லினுக்கு விசைத்தறிக்கூடத்தில் நூல் சுற்றுகிற வேலை. சங்கரன்கோவிலில் அந்த வேலை பார்க்கிற பெண்கள் நிறையப் பேர். அவளை வார்டில் எல்லோருக்கும் தெரிந்தது கட்சியால். தேர்தல் வந்தால் பசை வாளியைத் தூக்குவாள். வாக்குப்பதிவு அன்று சாவடிக்குள் கட்சி ஏஜெண்டாக உட்காருவாள். கூட்டத்துக்கு ஆள் வேண்டுமென்றால் வேனை நிரப்பிவிட்டு, கடைசி ஆளாகப் படியில் தொற்றிக்கொள்வாள். ராயகிரியிலிருந்து கல்யாணமாகி வந்தவளுக்கு இந்த ஊரில் ரேஷன் அட்டைக்கு முன்னால் கட்சி அட்டை கிடைத்துவிட்டது என்று அவள் கணவன் சாம்சுந்தர் கேலி செய்வான்.

வார்டு செயலாளர் மாணிக்கராஜ். அவள் வாக்கப்பட்டு வருவதற்கு முன்பிருந்தே அவர்தான். சில வருஷங்களுக்கு ஒருமுறை உட்கட்சித் தேர்தல் வரும். யாராவது ஒருவர் அவரை எதிர்த்து மனுப் போடுவார். மாணிக்கராஜ் அவரை டீக்கடைக்குக் கூட்டிப்போவார். தேர்தல் நாளன்று மனு வாபஸ். வாபஸ் வாங்கியவருக்குச் சால்வை, எல்லோருக்கும் பிரியாணி, மேலிடத்துக்கு ‘ஒருமனதாகத் தேர்வு’ என்று தகவல். நாளடைவில் சால்வைக்காகவே மனுப் போட ஆரம்பித்தார்கள். இந்தத் தடவை நீ, அடுத்த தடவை நான் என்று முறைகூட வைத்துக்கொண்டார்கள்.

போன நகராட்சித் தேர்தலில் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. எஸ்லின் போய்த் தன்னை நிறுத்தச் சொல்லிக் கேட்டாள்.

மாணிக்கராஜ் சிரித்தார். “நீ நின்னுட்டா போஸ்டரு யாரும்மா ஒட்டுவா?”

நின்றது அவர் மனைவி டெபோரா. ஜெயித்ததும் டெபோரா. நகராட்சிக்குப் போவது, குழாய்க்குப் பள்ளம் தோண்டுகிற இடத்தில் நின்று அதட்டுவது எல்லாம் மாணிக்கராஜ். டெபோராவுக்குக் கையெழுத்து மட்டும். அந்தத் தேர்தலுக்கும் எஸ்லின்தான் போஸ்டர் ஒட்டினாள். ஒவ்வொன்றிலும் வேட்பாளர் முகத்தைவிடக் கணவர் முகம் பெரிதாக இருந்தது. பசையைத் தடவித் தடவி அந்த முகத்தை அவளே சுவரில் அழுத்த வேண்டியிருந்தது.

இந்த வருஷம் உட்கட்சித் தேர்தல் அறிவித்ததும் அவள் மனுப் போட்டாள். முன்மொழிந்தது தறிக்கூடத்தில் கூட வேலை பார்க்கும் முருகம்மாள்.

“சால்வ என்ன கலருல கேக்கட்டும்ட்டி?” என்றாள் முருகம்மாள்.

“நான் வாபஸ் வாங்க மாட்டேன்க்கா.”

“அப்பம் தோத்துருவியேட்டி.”

“தோத்துட்டுப் போறேன்.”

முருகம்மாள் தறிச் சத்தத்தில் தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று நினைத்தவள் மாதிரி மறுபடியும் கேட்டாள். எஸ்லின் அதையே சொன்னாள்.

பெண்பிள்ளையை டீக்கடைக்குக் கூப்பிட முடியாது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது மாணிக்கராஜ் சர்ச் கேட் ஓரம் நின்றிருந்தார்.

“ஏம்மா எஸ்லின், ஒனக்குத் துணைச் செயலாளர் பதவி வாங்கித் தாரேன். அன்னைக்கு வந்து ஒரு கையெழுத்து மட்டும் போட்டுரு.”

“துணைச் செயலாளருக்கு என்ன வேல அண்ணாச்சி?”

“நான் சொல்லுத வேலதான்.”

“அதத்தான இத்தன வருசமாச் செய்தேன்.”

அவர் சிரித்தார். பைக் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டார். “சாம்சுந்தரு நம்ம வண்டியத்தான ஓட்டுதான்?”

புளியங்குடி மார்க்கெட்டிலிருந்து எலுமிச்சை மூட்டை ஏற்றிவரும் லோடு ஆட்டோ அவருடையது. ஓட்டுவது சாம்சுந்தர். அது அவருக்குத் தெரியாமல் இல்லை.

வீட்டில் சாம்சுந்தர் கேட்டான். “என்னட்டி சொன்னாரு?”

“நீங்க யாரு வண்டிய ஓட்டுதீங்கன்னு கேட்டாரு.”

அவன் தட்டிலிருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

“வாபஸ் வாங்கணுமா? சொல்லுங்க.”

“வாங்குன்னும் சொல்லல. வாங்காதன்னும் சொல்லல.”

“ஒங்க ஓட்டு யாருக்கு?”

“அத ஒங்கிட்ட எதுக்குச் சொல்லணும்? ரகசியம்லா?”

அவளுக்குக் கோபம் வந்தது. சிரிப்பும் வந்தது. குழம்புச் சட்டியை அவனுக்கு எட்டாத தூரத்தில் தள்ளி வைத்தாள்.

தேர்தல் வார்டு சமுதாயக் கூடத்தில். வாசலில் ‘ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட’ என்று மாணிக்கராஜுக்கு வாழ்த்துச் சொல்லும் ஃபிளெக்ஸ் முந்தின நாளே கட்டியாகிவிட்டது. பின்பக்கம் பிரியாணி தம்மில் இருந்தது. தேர்தலை நடத்தத் தென்காசி கட்சி அலுவலகத்திலிருந்து வேல்ராஜ் வந்திருந்தார். பையில் வாபஸ் படிவமும் சால்வைகளும் கொண்டுவந்திருந்தார்.

“எஸ்லின் யாரும்மா? வாங்க, கையெழுத்துப் போடுங்க.”

“எதுக்கு சார்?”

“வாபஸுக்குத்தான்.”

“வாபஸ் இல்ல சார். ஓட்டுப் போடணும்.”

வேல்ராஜ் பையைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

“சீட்டு அடிச்சுக் கொண்டாரலியேம்மா. நான் எங்கயும் ஓட்டு நடத்துனதே கெடையாது. சரி, கையத் தூக்கச் சொல்லிருவமா?”

“கையின்னா எல்லாரும் அண்ணாச்சி மொகத்தப் பாத்துட்டுத்தான் தூக்குவாங்க. சீட்டுதான் வேணும்.”

“பிரியாணி ஆறுதும்மா” என்றார் மாணிக்கராஜ்.

“ஆறட்டும் அண்ணாச்சி. இத்தன வருசமாச் சூடாத்தான தின்னோம்.”

பின்வரிசையில் யாரோ சிரித்து, அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

யாரிடமோ இருந்த நோட்டைக் கிழித்துச் சீட்டாக்கினார்கள். பெட்டிக்குப் பதில் தயிர்ப் பச்சடி வாளி. பச்சடியை வேறு பாத்திரத்தில் கொட்டிவிட்டு வாளியைக் கழுவிக் கொண்டுவந்து வைத்தது கவுன்சிலர் டெபோரா. சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால் போய் வார்டின் கட்சி உறுப்பினர்கள் ஒவ்வொருவராக எழுதி மடித்துப் போட்டார்கள். சாம்சுந்தரும் போட்டான். அவள் பக்கம் பார்க்காமல் போனான்.

வாளியின் ஈரத்தில் சில சீட்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. வேல்ராஜ் பிரித்துப் பிரித்து வாசித்தார். மாணிக்கராஜுக்கு முப்பத்தொன்று. எஸ்லினுக்குப் பதினான்கு.

கைதட்டல் எழுந்தது. மாணிக்கராஜ் பெரிய மனதோடு ஒரு சால்வையை விரித்துக்கொண்டு அவளை நோக்கி வந்தார். வேல்ராஜ் பேனாவை எடுத்தார்.

“நல்லபடியா முடிஞ்சிட்டு. ஒருமனதான்னே எழுதிருதேன். கட்சிக்கு அதான மரியாத.”

எஸ்லின் சால்வையை விலக்கிக்கொண்டு மேசைக்குப் போனாள்.

“அப்பம் பதினாலு எங்க போச்சு சார்?”

“அது தோத்த ஓட்டுத்தானம்மா.”

“தோத்தது நானு. அவங்க போட்டது ஓட்டு.”

“ஏம்மா, வெளிய தெரிஞ்சா ஊரு சிரிக்கும்” என்றார் மாணிக்கராஜ்.

“பதினாலு வாங்குனவளப் பாத்துத்தான் சிரிக்கும். முப்பத்தொண்ணு வாங்குன நீங்க எதுக்கு அண்ணாச்சி பயப்படுதீங்க?”

முருகம்மாள் எழுந்து வந்து அவள் பக்கத்தில் நின்றாள். வேறு யாரும் எழவில்லை. பந்திக்கு இலை போட வந்தவன் இலைக்கட்டோடு அப்படியே நின்றான்.

“எழுதுங்க சார்” என்று வாசல் பக்கமிருந்து குரல் வந்தது. சாம்சுந்தர். “அதுல ஒண்ணு என்னுது.”

மாணிக்கராஜ் திரும்பி அவனைப் பார்த்தார். கையிலிருந்த சால்வையை மடித்தார்.

“நாளையிலருந்து வண்டிக்கு வரவேண்டாம்வே.”

“சரி அண்ணாச்சி.”

எஸ்லின் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அங்கிருந்து நகரவில்லை.

வேல்ராஜ் மாணிக்கராஜைப் பார்த்தார். அவர் மடித்த சால்வையை மேசையில் போட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டார். வேல்ராஜ் குனிந்து, முதலில் 31 என்று எழுதினார். அதற்குக் கீழே 14.

“எழுத்தாலயும் எழுதுங்க சார்.”

எழுதினார். எஸ்லின் காகிதத்தைத் தன் பக்கம் திருப்பி, இரண்டு வரியையும் வாசித்தாள். அதன்பிறகுதான் கையெழுத்துப் போடப் பேனாவைக் கேட்டாள்.