வெள்ளைக் கோட்டுக்கு அப்பால் என் முன்சக்கரம்

கர்நாடக எல்லையை ஒட்டிய மத்திகிரியில் எங்கள் எதிர்வீட்டுக்காரரும் நானும் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். அவர் என்னைவிட நான்கு வயது இளையவர். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் அவர் நாவில் ஒன்றுபோல வரும். தெற்கேயிருந்து பிழைக்க வந்த எனக்கோ, முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும், பேருந்தில் சீட்டுக் கேட்கும் அளவுக்கு மேல் கன்னடம் வரவில்லை. அந்தக் குறையை ஈடுகட்டவே தமிழைத் தேடிப் படித்தேன் என்றால் அது முழுப் பொய்யாகாது. தெருவிளக்கு, சாக்கடை என்று எங்கள் தெரு கொடுத்த மனுக்கள் அனைத்தும் நான் எழுதியவை.

சென்ற ஆண்டு, பழைய சூப்பர்வைசர் ஒருவரின் புதுமனை புகுவிழாவுக்காக இருவரும் தனித்தனி வண்டிகளில் எல்லை தாண்டிக் கர்நாடகப் பக்கம் சென்றோம். ஒரு சிக்னலில் நின்றபோது பின்னால் ஆம்புலன்ஸ் வந்தது. வெள்ளைக் கோட்டைத் தாண்டி ஒதுங்கி வழிவிட்டோம். சில நாட்களில், கேமரா எடுத்த படத்தோடு, இருவருக்கும் அபராதச் சலான் வந்தது.

நான் கொதித்துக்கொண்டிருந்தபோதே அவர் நேரில் போய்த் தம் சலானை ரத்து செய்யவைத்துவிட்டு வந்தார். மனுகூட எழுதவில்லையாம். கன்னடத்தில் நாலு வார்த்தை பேசினாராம். அதிகாரி வீடியோவைப் போட்டுப் பார்த்து, சிரித்து, டீ வரவழைத்துக் கொடுத்தாராம். தெருமுனை டீக்கடையில் இரண்டு நாட்கள் இதுவே பேச்சு. மூன்றாம் நாள், ரேஷன் வரிசையில் நின்ற ஒரு பெண்மணி, தம் மகனுக்கு வந்த சலானைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கடந்துபோய் அவரிடம் காட்டினார். அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாலையில் எதிர்வீட்டுக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“இன்னாண்ணா, இன்னும் கட்டலியே? நாளைக்குப் போயிட்டு வந்துடலாம். நான் பேசிக்கிறேன். நீங்க பக்கத்துல நின்னா போதும்.”

“மனு எழுதிட்டிருக்கேன்.”

“அங்க யாருண்ணா தமிழ் படிக்கப் போறாங்க?”

அவர் கேலியாகச் சொல்லவில்லை. கேலியாக இருந்திருந்தால் நான் தாங்கிக்கொண்டிருப்பேன்.

அவர் போனதும் மூன்றாம் பக்கத்தைத் தொடங்கினேன். ‘ஆம்புலன்ஸின் ஒலி கேட்ட பின்னரே யான் கோட்டைக் கடந்தேன்’ என்று எழுதிவிட்டு, சான்றுக்காகப் படத்தைப் பெரிதாக்கினேன். அவருக்கு வந்த படத்தில் ஆம்புலன்ஸ் தெரிந்தது. என் படத்தில் அது இல்லை. கேமராவின் கோளாறு என்றே அதுவரை நம்பியிருந்தேன்.

காய் நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

“இதுல எதிர்வீட்டுக்காரரு பாட்டுக்குக் கோட்டுக்குப் பின்னால நிக்கிறாரு. நீங்க எங்க போறீங்க?”

படத்தை இன்னும் பெரிதாக்கினேன். என் முன்சக்கரம் கோட்டுக்கு வெகு அப்பால் இருந்தது. அவர் ஒரு காலைத் தரையில் ஊன்றி அமைதியாக நின்றார். அப்போதுதான் நினைவு வந்தது. அவருடையது புது பேட்டரி ஸ்கூட்டர். வழி நெடுக என் வண்டிக்கு முன்னாலேயே சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. சிக்னலிலும் ஒரு முழம் முன்னால் நின்றது. அது பொறுக்காமல் நான் உருட்டிக்கொண்டு முன்னே போனேன். ஆம்புலன்ஸின் ஒலி அதற்குப் பிறகுதான் கேட்டது.

அவரோடு போனால் அதிகாரி வீடியோவைப் போடுவார். அவர் என் பக்கத்தில் நின்று அதைப் பார்ப்பார். அபராதத்தை அன்றே கட்டினேன்.

மறுநாள் டீக்கடையில் அவரிடம், “கட்டிட்டேன்” என்றேன்.

“அநியாயமா கட்டிட்டீங்களேண்ணா,” என்றவர், கடையில் இருந்தவர்களைப் பார்த்து, “அண்ணன் பெரிய மனுசன்பா. நம்மள மாதிரி போய் மல்லுக்கட்ட மாட்டாரு,” என்றார். நாலைந்து தலைகள் மரியாதையோடு என் பக்கம் திரும்பின.

இன்னொருவரை இவ்வளவு எளிதாகப் புகழ இந்த மனிதருக்கு எப்படி முடிகிறது என்று அதற்கும் எனக்கு எரிந்தது. உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள், எனக்கும் சேர்த்து அவர் சொல்லியிருந்த டீ வந்துவிட்டது. வாங்கிக் குடித்தேன்.