ஆற்றுவாயில் கட்டிய வைக்கோல்

மச்சானை நினைத்தால், இடுப்பளவு தண்ணீரில் ஒரு கம்பைக் கட்டிப்பிடித்தபடி, மார்பு முழுக்கத் தார்போல எண்ணெய் அப்பிக்கொண்டு அவன் நின்ற கோலம்தான் எனக்கு முதலில் வரும். நீந்தத் தெரியாதவன். ஆற்றோரத்தில் பெண்ணெடுத்து எத்தனையோ வருடமாகியும், தோணியில் ஏறினால் இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, இறங்கும்வரை வாய்க்குள் பிள்ளையாரைக் கூப்பிடுகிற ஆள். அப்படிப்பட்டவனை நாங்கள் யாரும் அங்கே இறக்கி நிறுத்தவில்லை. அவனாகவே இறங்கினான்.

என் தங்கச்சியின் புருஷன் அவன். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் ஆண்பிள்ளைதான் பெண்வீட்டுக்குப் போவான். அப்படித்தான் பழுகாமத்து வயற்காரன் ஒருவன் முகத்துவாரத்தை ஒட்டிய எங்கள் மீன்பிடிக் கிராமத்துக்கு மாப்பிள்ளையாக வந்து சேர்ந்தான். வந்த முதல் கிழமையே அவனுக்கு எருமை மச்சான் என்று பெயர் வைத்துவிட்டோம். அவனும் விடவில்லை. எங்கள் வலையைப் பார்த்து, "இந்த ஓட்டைச் சாக்க வச்சிக்கிட்டா இவ்வளவு எடுப்பு?" என்று கேட்பான். விதைப்புக் காலம் வந்தால் ஆளைப் பிடிக்க முடியாது. வாவியைக் கடந்து மேற்குக் கரையான படுவான்கரைக்குப் போய், விதவையான தன் தாயின் வயலைச் செய்து கொடுத்துவிட்டு வருவான். அந்தக் கிழவிக்கு வருடச் சோறு அந்த ஒரு வயலில்தான்.

யுத்த காலம். ஆழ்கடலுக்குப் போகத் தடை இருந்தது. கரைவலை இழுப்பதற்கும் ராணுவ முகாமில் அனுமதித் துண்டு எடுக்க வேண்டும். கடல்காரர்களான எங்களுக்கு மிஞ்சியிருந்தது வாவி மட்டும்தான். வாவி என்று எழுதுகிறேன், ஊரில் நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். அந்த மாரியில் வெளிக்கடலில் எண்ணெய்க் கப்பல் ஒன்று அடிபட்டது. யார் அடித்தது என்று எவரும் உரத்துக் கேட்கவில்லை, கேட்கிற காலமும் அதுவல்ல. இரண்டொரு நாள் வானத்தில் கறுப்புப் புகை நின்றது. பிறகு வாடைக் காற்று எண்ணெயைத் தள்ளிக்கொண்டு வந்தது. விடிந்து பார்த்தால் கடற்கரை மண் கறுத்து, அலை நுரைக்காமல் கூழ்போலப் புரண்டுகொண்டிருந்தது. எண்ணெய் மணம் ஊருக்குள் வரை வந்தது. கடல் நண்டுகள் நடக்க முடியாமல் ஒட்டிக்கொண்டு கிடந்ததைப் பார்த்து, எதற்கும் கலங்காத எங்கள் சங்கத் தலைவர் தலையில் கைவைத்துக்கொண்டு மணலில் குந்திவிட்டார். நான் அப்போது அந்த மீனவர் சங்கத்துக்குச் செயலாளர். கொழும்பிலிருந்து எண்ணெயை மறிக்கும் மிதவைகள் வரும் என்றார்கள். பாதை பூட்டிக் கிடந்தது. வந்தபோது அவை தேவைப்படவில்லை.

ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவில் மண்மேடு விழுந்து ஆற்றுவாய் அடைபட்டிருந்ததால் எண்ணெய் உள்ளே வரவில்லை. எங்களுக்கு அது சாமி போட்ட அணை. படுவான்கரைக்காரருக்கு அதுதான் எமன். மாரி மழை ஆற்றை நிரப்பி, தண்ணீர் போக வழியில்லாமல் வயல்களுக்குள் ஏறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மாரியிலும் மண்மேட்டை வெட்டிவிட்டால் ஆறு வடியும், பயிர் பிழைக்கும். மண்வெட்டியோடு அவர்கள் வருவதும், இரண்டு கரைக்காரரும் சேர்ந்து வெட்டிவிட்டுக் கூடியிருந்து சாப்பிடுவதும் எங்கள் வழக்கம். அந்த முறை வந்தவர்களை நாங்கள் மேட்டில் ஏறவிடாமல் மறித்து நின்றோம்.

அந்தக் கூட்டம் எனக்கு இன்றும் அப்படியே காதில் கேட்கிறது. தலைவர் எழுந்து, "ஆத்துவாயில மண்வெட்டி வைக்கிறதெண்டா முதல்ல எங்கட கழுத்தில வைங்க" என்றார். அவர்கள் வயல் வட்டைக்குப் பொறுப்பான வட்டை விதானையார் விடவில்லை. "பயிர் மூச்செடுக்க ஏலாமச் சாகுது. நீங்க கடலப் பாத்துக்கிட்டு இரிக்கீங்க" என்றார். வெட்டிய தண்ணீர் கடலை நோக்கிப் பாயும்வரை எண்ணெய் உள்ளே வராது, பாய்ச்சல் ஓய்ந்து கடல் திரும்பும்போதுதான் ஆபத்து என்பது இரண்டு பக்கத்துக்கும் தெரியும். திரும்புகிற நேரத்தில் எதை வைத்து மறிப்பது? அதற்குத்தான் பதில் இல்லை.

நடுவில் இருதலைக் கொள்ளி எறும்பாக இருந்த மச்சான் அப்போதுதான் எழும்பினான். "வைக்கல் இரிக்கி. வைக்கல் எண்ணெயக் குடிக்கும். நேத்துக் கடற்கரையில ஒரு பிடி போட்டுப் பாத்தன். பழைய வலைக்குள்ள திணிச்சு நீளமாக் கட்டி மிதக்கவிடுவம்." எங்கள் ஆட்கள் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. "நாங்க வெட்ட விட்டபிறகு இவங்க வைக்கல் தருவாங்கண்டு என்ன நிச்சயம்?" என்று கேட்டார். மாரியில் வைக்கோல் என்பது மாட்டின் சோறு, அதை யாரும் லேசில் கொடுக்கமாட்டார்கள். மச்சான் கொஞ்சம் யோசித்தான். "அப்ப வைக்கல் வந்து சேரட்டும், மறுகா வெட்டுவம். முதல் தோணி எங்க அம்மாட வைக்கல் போர்" என்றான்.

விதானையார் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "அதுக்குள்ள உங்க அம்மாட வயல்தானடா முதல்ல அழுகும். நம்மட வட்டையில ஆகப் பள்ளம் அதுதான்."

"தெரியும். வயல் அழுகினா மறுவருசம் விதைக்கலாம். ஆறு அழுகினா இவங்க எதை விதைக்கிற?"

ஒருவன் தன் தாயின் வயலையே முன்னுக்கு வைத்தபின் மற்றவர்களும் தங்கள் வைக்கோலைத் தர ஒப்புக்கொண்டார்கள். ஆனால் தாயிடம் அவன் கேட்கவில்லை. போரை அவிழ்த்துத் தோணியில் ஏற்றும்போதுதான் அந்த மனுசிக்கு விசயம் தெரிந்தது. வாசலில் நின்று, "கேக்காமக் கொள்ளாம என்ட சோத்த எடுத்துக் குடுத்திட்டான்" என்று ஒரு தடவை சொன்னாளாம். அதோடு அவனுடன் பேச்சை விட்டுவிட்டாள்.

வைக்கோல் வந்து சேர்வதும் இலேசாக இல்லை. அந்தக் கரையில் இயக்கப் பெடியன்களிடம் சொல்ல வேண்டும், இந்தக் கரையில் ஆமியிடம் கேட்க வேண்டும். ஆமிக்காரர்கள் ஒவ்வொரு கட்டுக்குள்ளும் இரும்புக் கம்பியை விட்டுக் குத்திப் பார்த்துத்தான் விட்டார்கள். பெண்கள் கடற்கரையில் குந்தியிருந்து பழைய வலையைத் தைத்தார்கள், நாங்கள் அதற்குள் வைக்கோலைத் திணித்து, மிதப்புக்கு வாழைக்குற்றியும் வெற்றுக் கேன்களும் சேர்த்துக் கட்டினோம். மச்சான் முகத்தைச் சுருக்காமல் வேலை செய்தான். இடையில் மட்டும் தலைநிமிர்த்தி மேற்கே வானத்தைப் பார்ப்பான். மழை அங்கேதான் கறுத்துக்கொண்டு நின்றது. எனக்கு அவனைப் பார்க்கவே பாவமாக இருக்கும். ஏதாவது நக்கல் சொல்லிச் சிரிக்கவைப்பேன், சிரித்துவிட்டுத் திரும்பவும் வானத்தைப் பார்ப்பான்.

கடைசித் தோணி வந்த அன்றே மேட்டை வெட்டினோம். ஆறு வாயைப் பிளந்துகொண்டு கடலுக்குள் பாய்ந்தது, எண்ணெய் எட்டத்துக்கு ஒதுங்கியது. பாய்ச்சல் தளர்ந்ததும் உள்வாய்க்காலில் கம்புகள் நட்டு வைக்கோல் வடத்தைக் கரைக்குக் கரை நேராக இழுத்துக் கட்டினோம். வலைக்காரன் புத்தி வேறு எப்படிப் போகும்? ஆற்றில் எதைக் கட்டினாலும் குறுக்கே மறித்துக் கட்டித்தான் எங்களுக்குப் பழக்கம். கடல் திரும்பியபோது எண்ணெய் வந்து நடுவில் மோதித் தடித்து, பின்னால் வந்த தண்ணீர் நெருக்க, வடத்துக்குக் கீழாலே உள்ளே நழுவத் தொடங்கியது. மீன் என்றால் மறித்த இடத்தில் நிற்கும், எண்ணெய் நிற்குமா? தலைவர் எல்லோரையும் ஏசினார். வடக்குக் கரையின் முனை மச்சான் பொறுப்பு. அவன் அதைக் கட்டியிருந்தது எருமை கட்டுகிற முடிச்சு. வெள்ளம் வந்தால் மாட்டை உடனே அவிழ்த்துவிட வேண்டும் என்பதற்காக, வால்பக்கம் இழுத்தால் கழன்றுவிடுகிற முடிச்சு. மிதந்து வந்த மரக்கட்டை ஒன்று அந்த வாலில் சிக்கி இழுக்க, முடிச்சு கழன்றது.

வடத்தின் முனை கரையோரமாக உள்ளே ஓடியது. மச்சான் நீந்தத் தெரியாததையும் மறந்து தண்ணீருக்குள் பாய்ந்து, முனையை எட்டிப் பிடித்து, பக்கத்தில் நின்ற கம்பையும் வடத்தையும் சேர்த்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "புடிங்கடா! என்னப் புடிங்கடா!" என்று கத்தினான். வடத்தைப் பிடிப்பதா இவனைப் பிடிப்பதா என்று திகைத்து நின்ற நாங்கள், அப்போதுதான் கண்டோம். வடம் இப்போது ஆற்றுக்குச் சரிவாகக் கிடந்தது. நடுவில் முட்டிக்கொண்டு நின்ற எண்ணெய் அந்தச் சரிவோடு வழுக்கிப் போய், கரையோரத்து அசையாத தண்ணீரில் ஒதுங்கியது. தலைவர் ஏச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு, "அப்படியே நில்லு மச்சான், அசையாத!" என்றார். அசையாமல்தான் நின்றான், அசைந்தால் மூழ்கிவிடுவோம் என்று அவனுக்குப் பயம்.

பிறகு கரையில் குழி வெட்டி, வாளியாலும் சிரட்டையாலும் அள்ளி ஊற்றினோம். ஊறிய வைக்கோலை எடுத்துவிட்டுப் புதிதைத் திணித்தோம். கை கால் எரிந்தது, பெண்கள் தேங்காயெண்ணெய் பூசித் தேய்த்து விட்டார்கள். காத்தான்குடி வியாபாரி ஒருவர் கேட்காமலே வெற்றுப் பீப்பாய்களை அனுப்பினார். உள்ளே கொஞ்சம் போகத்தான் செய்தது. கண்டல் மர வேர்களில் கறுப்பு நெடுங்காலம் ஒட்டியிருந்தது. ஆனால் ஆறு பிழைத்துக்கொண்டது. மச்சானோ அந்த முடிச்சைத் தான் தெரிந்தேதான் போட்டதாகச் சாகும்வரை சாதித்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாயே என்று கேட்டால், "நீங்க மறிக்கத் தெரிஞ்ச ஆக்கள், நாங்க திருப்பத் தெரிஞ்ச ஆக்கள்" என்பான்.

மற்ற வயல்கள் தலை நிமிர்ந்தன. அவன் தாயின் வயல் அழுகியது. போய்ப் பார்த்துவிட்டு வந்தவன் என்னிடம், "நாறுது மச்சான்" என்று மட்டும் சொன்னான். இரண்டு தடவை தாயின் வாசலுக்குப் போனான். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வாயாடியான அவன் அந்த நாட்களில் எங்கள் நக்கலுக்குக்கூடத் திருப்பிச் சொல்லவில்லை. எனக்குத் திருப்பி நக்கலடிக்கிற மச்சானைத்தான் பழக்கம், பேச்சு நின்ற அந்த மச்சானை எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை.

இப்போது மண்மேட்டை வெட்ட இயந்திரம் வருகிறது. இரண்டு கரைக்காரரும் வேடிக்கை பார்த்துவிட்டு, கைபேசியில் படமெடுத்துக்கொண்டு கலைந்து போகிறார்கள். நல்லதுதான், முதுகு தப்பியது. சேர்ந்து சாப்பிடுகிற வழக்கம் மட்டும் எப்படியோ விட்டுப்போய்விட்டது. மச்சானும் இல்லை. அங்கே போய் நின்றால் எனக்கு அந்த வருடத்துத் தைப்பூசம்தான் ஞாபகம் வரும்.

தைப்பூசத்துக்குப் புதிர் எடுப்பது எங்கள் வழக்கம், புது நெல்லைக் குத்திச் சோறாக்கி உறவோடு இருந்து சாப்பிடுவது. அன்று காலை மச்சானின் தாய் எங்கள் துறையில் வந்து இறங்கினாள். கையில் ஒரு சின்ன மூட்டை. விதானையார் தன் வயலில் விளைந்த நெல்லை அவளுக்குக் கொடுத்திருந்தார். முற்றத்தில் நின்ற மகனைப் பார்க்காமலே அடுக்களைக்குள் போய், "றால் இரிக்கா பிள்ள?" என்று என் தங்கச்சியிடம் கேட்டாள். எண்ணெய்க்குப் பிறகு ஆற்றில் அந்தக் கிழமைதான் திரும்ப வலை போட்டிருந்தோம். எண்ணெய்க்குப் பயந்து சந்தையில் ஒருவரும் வாங்காத இறால் அது. "இரிக்கி மாமி" என்றாள் தங்கச்சி. "காச்சு" என்றாள் கிழவி.

எல்லோரும் வட்டமாக இருந்தோம். கிழவி புதுச்சோற்றில் றால் ஒன்றை வைத்து எடுத்தாள். வாயில் வைக்கவில்லை. மூக்கருகே கொண்டுபோய் மணந்து பார்த்தாள். திரும்பவும் மணந்தாள். தங்கச்சி அகப்பையோடு அப்படியே நின்றாள். மச்சான் வாசல் நிலையில் சாய்ந்து அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"எண்ணெ மணக்கல்ல" என்றாள் கிழவி. அந்தப் பிடியை அவள் சாப்பிடவில்லை. கையை அப்படியே வாசலில் நின்ற மகன் பக்கம் நீட்டி, "இந்தா மனே" என்றாள்.