காப்புக் கட்டிய கையும் பரீட்சைத் தேதியும்

என் கடைசி மகள் பட்டப்படிப்புக்குப் பொருளாதாரம் எடுத்திருக்கிறாள். நேற்று புதுப் புத்தகத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். எடுத்து முகர்ந்து பார்த்தேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான்; புத்தகத்தில் எனக்குப் புரிவது வாசனை மட்டும்தான். அது போதுமாக இருந்தது. சிங்கப்பூருக்கு வடக்கே, ரெங்கம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் புதுப்பெண்ணாக இறங்கிய நாட்களுக்குப் போய்விட்டேன்.

என் வீட்டுக்காரர் அங்கே கிராணி, ஆபீசில் கணக்கு எழுதுகிற வேலை. அதோடு பொருளாதாரத்தில் பட்டம் வாங்கப் படித்துக்கொண்டிருந்தார். லண்டனிலிருந்து தபாலில் பாடம் வரும், பரீட்சையைச் சிங்கப்பூரில் சில நாள் தங்கி எழுத வேண்டும். ரப்பர் புகை நாற்றத்துக்கு நடுவே அந்தப் பார்சலைப் பிரித்தால் மையும் பசையுமாக ஒரு மணம். சாமி படத்தடியில் வைத்துக் குங்குமம் இட்ட பிறகுதான் அவர் கையில் கொடுப்பேன்.

படித்ததை என்னிடம் சொல்லிப் பார்ப்பார். நான் தோசை சுட்டுக்கொண்டிருப்பேன்.

"முதல் தோசை நல்ல ருசி. அடுத்ததுல கொஞ்சம் குறையும். அதுக்கடுத்ததுல இன்னும் குறையும். இதான் பாடம்."

"என் தோசையைக் குறை சொல்ல லண்டன்ல புஸ்தகம் போடுறாங்களா?"

சிரித்துக்கொண்டே இன்னொன்று கேட்பார்.

அந்த வருடம் மாரியம்மன் திருவிழாவுக்கு எல்லா ஆண்களோடும் கையை நீட்டிக் காப்புக் கட்டிக்கொண்டார். மஞ்சள் கயிறு கையில் ஏறிவிட்டால் திருவிழா முடியும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டி இரவு தங்கக் கூடாது. பரீட்சை அடுத்த மாதம் என்றுதான் இருந்தோம். மறுநாளே கடிதம் வந்தது: தேதியை முன்கூட்டியே கொண்டுவந்துவிட்டார்கள். தீ மிதிக்கிற அதே வாரம்.

கோயிலில் அம்மனிடம் பூ வாக்குக் கேட்டோம். வலப்பக்கத்துப் பூ விழுந்தால் போகலாம்.

பக்கத்து வீட்டு முனியம்மாக்கா, "ஆத்தா பொறுத்துக்குவா. லண்டன்காரன் பொறுக்க மாட்டான்லா!" என்று சத்தமாகவே சொன்னார். பூசாரி முறைத்தார். இடப்பக்கத்துப் பூ விழுந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை விடியற்காலைப் படிப்பும் போயிற்றே! திரும்பி நடக்கும்போது அவர்தான் என்னைத் தேற்றினார்.

"ஒண்ணு வேணும்னா இன்னொண்ண விடத்தான் வேணும். பொருளாதாரமே அதான் புள்ள."

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தவர், ஒரு தோசைக்கு மேல் வேண்டாம் என்றார். அந்த வாரம் காப்போடு தீ மிதித்தார். புத்தகங்களை ஒரு மாதம் தொடவில்லை.

அடுத்த வருடம் தை பிறந்ததும் பூசாரி எங்கள் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னாலும் வரவில்லை.

"கிராணி ஐயா, உங்க பரீட்சை என்னைக்கு?"

"இன்னும் கடுதாசி வரலியே."

"வரட்டும். வந்த பிறகு ஆத்தாளுக்கு நாள் குறிச்சுக்கலாம்."

அந்த வருடம் திருவிழா தள்ளிப்போனது. தோட்டத்தில் ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. அவர் சிங்கப்பூர் போனார், எழுதினார், பாஸானார். ஆத்தாள் கருணை.

அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். ரப்பர் போய், தோட்டம் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காடாகிவிட்டது. அங்கிருந்த பிள்ளைகளெல்லாம் பாசிர் கூடாங் பக்கம் தொழிற்சாலை வேலையில். திருவிழாக்கள் இப்போது ஞாயிற்றுக்கிழமையில்தான் வருகின்றன. யாரும் லீவு எடுக்க வேண்டியதில்லை. நல்ல வசதிதான். நாள் குறிக்கும் முன்னே ஒரு வீட்டு வாசலில் வந்து நின்று, உங்களுக்கு எந்த நாள் தோது என்று கேட்பாரைத்தான் காணோம்.