கொக்கத்தடி இல்லாத ஒரு நாள்

முல்லைத்தீவுக் கரையில் யாக்கோப்பர் வீட்டு வளவில் கொய்யா நிற்கிறது, மாதுளை நிற்கிறது, பப்பாசி நிற்கிறது. பழம் மட்டும் இல்லை. பிஞ்சிலேயே யாக்கோப்பர் பிடுங்கிவிடுவார். அந்த வீட்டு மாதுளையை உடைத்தால் உள்ளே பச்சரிசி மாதிரி வெள்ளையாக இருக்கும். பூசணி சின்னத் தேசிக்காய் அளவு வந்ததுமே கறிச்சட்டிக்குப் போய்விடும். கொய்யாவைக் கடித்த ஒருவர் நேரே பல் வைத்தியரிடம் போனதாகவும் ஒரு கதை உலாவுகிறது. ஊர்க்கதைதானே, பாதியை நம்பலாம்.

மனிதர் பொல்லாதவர் அல்லர். வாழ்க்கையின் பெரும்பகுதி கடலில் போயிற்று. விட்ட வலையை விடியமுன் இழுக்காவிட்டால் பட்ட மீனை நண்டு கடித்துவிடும். வெயில் ஏறினால் மிச்சமும் பழுதாகிவிடும். முழங்கால் தேய்ந்து கரையில் குந்தவேண்டி வந்தபோது, அந்தச் சட்டத்தையும் சேர்த்து வீட்டுக்குக் கொண்டுவந்து, வாயில்லாத மரங்களுக்குப் போட்டுவிட்டார்.

மரங்களை ஆக்கியவர் அவரல்லர், மனைவி புனிதமலர். மீன் கழுவின தண்ணீர், அரிசி கழுவின தண்ணீர் என்று ஊற்றியே வெறும் மணலைத் தோட்டமாக்கியவர். போர் முடிந்து மீளக்குடியேறிய வருடம் அவர் நட்ட கறுத்தக்கொழும்பான் மாமரம் இத்தனை காலமும் இலையை மட்டும் காட்டி ஏமாற்றிவிட்டு, இந்த வருடம்தான் முதன்முதலாகக் காய்த்திருந்தது. தென்மேற்குச் சோளகக் காற்று எழும்பும் நேரத்தில் காய்கள் கொழுத்துத் தொங்கின. புனிதமலர் அன்றே எச்சரித்துவிட்டார்.

"இஞ்சாருங்கோ, இந்த மாங்காயில கை வைக்கிறேல்லை."

"நான் ஏன் வைக்கிறன்?"

"கொய்யாவுக்கும் இப்பிடித்தான் சொன்னனீங்கள்."

"அது அணில் வந்தது."

"எங்கட வீட்டு அணில் சாரமும் சேட்டும் போட்டிருக்கு."

புனிதமலருக்கு வேண்டியது பெரிய விசயமில்லை. தான் தண்ணீர் ஊற்றிய மரத்தில் தானாகப் பழுத்த ஒரு மாம்பழம். சந்தையில் வாங்கியது வேண்டாம். பெட்டிக்குள் வைக்கோல் போட்டுப் பழுக்கவைத்ததும் வேண்டாம். யாக்கோப்பருக்கு இது நன்றாக விளங்கியது. அவருடைய கைகளுக்குத்தான் விளங்கவில்லை. அவற்றுக்கு வேலை கொடுப்பதற்காகப் பழைய வலைத்துண்டொன்றை எடுத்து மாமரத்துக்குக் கீழே இழுத்துக் கட்டினார். காற்றுக்கு விழுந்தாலும் நிலத்தில் அடிபடக்கூடாதாம். கட்டிய பிறகு சும்மா இருந்தாரா? தேத்தண்ணி குடிக்கமுதல் ஒருதரம், குடித்தபிறகு ஒருதரம் என்று வலை பார்க்கப் போய்க்கொண்டிருந்தார்.

பக்கத்து வளவு ஸ்ரனிஸ்லஸ் வேலிக்கு மேலால் தலையை நீட்டுவான்.

"அண்ணை, இண்டைக்கு மீன்பாடு எப்பிடி?"

"சருகு."

"விலை போகுமோ?"

"உன்ர வாயை வித்தால் கூடப் போகும். போடா."

இப்படியிருக்கையில் புளியங்குளத்தில் கட்டிக்கொடுத்த மகள் ஆன்சலாவுக்குக் காய்ச்சல் என்று செய்தி வந்தது. புனிதமலர் பஸ்ஸுக்கு வெளிக்கிட்டார். போகிற போக்கில், காய் பிடுங்கும் கொக்கத்தடியைத் தூக்கி வேலிக்கு மேலால் ஸ்ரனிஸ்லஸிடம் கொடுத்தார்.

"ஆர் கேட்டாலும் குடுக்காதை."

"ஆரக்கா கேக்கப்போகினம்?"

"உனக்குத் தெரியும்."

யாக்கோப்பருக்குப் பொறுக்கவில்லை. "இடம்பெயர்ந்த அண்டைக்கும் பழுக்கட்டும் எண்டு விட்டிட்டுத்தானே வெளிக்கிட்டனாங்கள். அந்தப் பிலாப்பழத்தை ஆர் திண்டது?"

 புனிதமலர் பையைத் தோளில் மாட்டினார். "அண்டைக்கு ஊரே வெளிக்கிட்டது. இண்டைக்கு நான் மட்டும்தான் போறன். பின்னேரம் வந்திடுவன்."

பஸ் போன சத்தம் அடங்கமுதல் யாக்கோப்பர் வேலியடியில் நின்றார்.

"தம்பி, அந்தத் தடியை ஒருக்காத் தா."

"ஏன் அண்ணை?"

"ஒட்டடை அடிக்க."

"ஒட்டடைக்கு நான் வந்து அடிச்சுத் தாறன்."

"அது என்ர தடியடா!"

"ஓம் அண்ணை, உங்கட தடிதான். அக்கான்ர உத்தரவு."

திரும்பி வந்தால் வேலியோரப் பனையில் குரங்குக் கூட்டம். மணலை அள்ளி எறிந்தார், கத்தினார். குரங்குகள் மரியாதையாக ஒரு பனை தள்ளிப்போய் இருந்தன. அவர் குசினிக்குள் கால் வைத்ததும் மரியாதையாகத் திரும்பி வந்தன. வேறு வழியின்றிக் கதிரையை இழுத்துவந்து மாமரத்தடியில் போட்டு உட்கார்ந்தார்.

வேறு வேலை இல்லாததால் தோட்டத்தைப் பார்க்கவேண்டியதாயிற்று. முருங்கைப்பூ மணலில் உதிர்ந்து கிடந்தது. புடலங்காய் நேராக வளர நுனியில் புனிதமலர் கட்டிவிட்ட கல் காற்றுக்கு ஆடியது. பயற்றங்கொடி பந்தலைத் தாண்டி வானத்தைப் பிடிக்கப் பார்த்தது. வேறொருவராக இருந்தால் போனை எடுத்துப் படம் பிடித்து வெளிநாட்டுக்கு அனுப்பியிருப்பார். யாக்கோப்பருக்கோ கத்தரியில் வரப்போகிற புழு தெரிந்தது, கொய்யாவுக்கு வரப்போகிற வௌவால் தெரிந்தது. எழும்பினார், குரங்கும் எழும்பியது. இருந்தார்; குரங்கும் இருந்தது. இரண்டு பேருக்கும் ஒரே குறி, ஒரே அவதி. ஒருவருக்குத்தான் முழங்கால் வருத்தம்.

வெயில் சரிகிற நேரம் காற்று ஒரு தட்டுத் தட்டியது. வலை குலுங்கியது. உள்ளே ஒரு மாம்பழம். காம்படியில் மஞ்சள் ஏறி, தொட்டால் இளஞ்சூடாக, கையில் மெத்தென்று இருந்தது. யாக்கோப்பர் எல்லாவற்றையும் மறந்தார். பழத்தைத் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டி வேலிக்கு ஓடினார்.

"ஸ்ரனிஸ்லஸ்! வலையில பட்டிருக்கடா!"

"என்ன அண்ணை?"

"பழமடா! தானா விழுந்த பழம்!"

ஸ்ரனிஸ்லஸ் வாங்கி மணந்து பார்த்தான். பிறகு அவருடைய தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான். "அண்ணை, அங்காலை பாருங்கோ."

ஒரு காயும் இல்லாமல் மாமரம் மொட்டையாக நின்றது.

பின்னேர பஸ்ஸில் வந்து இறங்கிய புனிதமலர் முதலில் மரத்தைப் பார்த்தார், பிறகு கதிரையில் பழத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்த புருசனைப் பார்த்தார்.

"பிடுங்கிப்போட்டியள்."

"விழுந்தது."

"எல்லாமோ?"

வேலிக்கு மேலால் குரல் வந்தது. "அக்கா, அவர் கையில இருக்கிறது தானா விழுந்தது, நான் சத்தியம் பண்ணுவன். மிச்சத்தைக் குரங்கிட்டத்தான் கேக்கவேணும்."

 புனிதமலர் கத்தியை எடுத்துவந்து, புருசனுக்குப் பக்கத்திலேயே மணலில் இருந்து, ஒரு கீலம் வெட்டி வாயில் போட்டுக் கண்ணை மூடினார்.

"எப்பிடி?" என்றார் யாக்கோப்பர்.

 இன்னொரு கீலம் போயிற்று.

"சொல்லுமன், எப்பிடி?"

"கொஞ்சம் பொறுங்கோ" என்றார் புனிதமலர், கண்ணைத் திறக்காமலே.

யாக்கோப்பர் கதிரை நுனிக்கு வந்தார். பனையில் குந்தி மாங்கொட்டைகளைச் சப்பிக்கொண்டிருந்த குரங்குகளுக்குப் பதில் ஏற்கெனவே தெரிந்திருந்தது.